ஆற்றுக்கு அக்கரையில் விடுதலை

1846 ஏப்ரலில் நியூசெஸ், ரியோ கிராண்டே என்ற இரு ஆறுகளுக்கு இடையே அமெரிக்கப் படையும் மெக்சிகோ படையும் மோதிக்கொண்டன. டெக்சாஸின் எல்லை நியூசெஸ் ஆறுதான் என்றது மெக்சிகோ. இல்லை, தெற்கே உள்ள ரியோ கிராண்டே என்றது அமெரிக்கா. நம் மண்ணில் நம் ரத்தம் சிந்தப்பட்டது என்று சொல்லிப் போர் கேட்டார் அதிபர் போல்க். அந்த இடம் எது, அது யாருடைய மண் என்று 1847 டிசம்பரில் கேட்டார் நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த லிங்கன்.

இதை வெறும் எல்லைத் தகராறாகப் படித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும். மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் பருத்தி பயிரிட டெக்சாஸில் குடியேறிய வெள்ளையர்கள் அடிமைகளோடு வந்திருந்தார்கள். 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்து அவர்கள் எழுதிய அரசியல் சட்டம் அடிமை முறையைக் காத்தது. சுதந்திரமான கறுப்பர்கூட அரசின் அனுமதியின்றி அங்கே வாழ முடியாது என்றது. அந்த டெக்சாஸைத்தான் 1845இல் அமெரிக்கா இணைத்துக்கொண்டது.

எதிர்த்தவர்களின் மனத்தையும் பார்க்க வேண்டும். போரில் பிடிக்கும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று 1846 ஆகஸ்டில் தீர்மானம் கொண்டுவந்தார் டேவிட் வில்மட். கறுப்பர்மீதான பரிவு அதற்குக் காரணமல்ல; புதிய நிலம் வெள்ளை உழைப்பாளிக்கே வேண்டும் என்பதே அவர் வாதம். அந்தத் தீர்மானமும் செனட்டைத் தாண்டவில்லை.

1848இல் குவாடலூப் ஹிடால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றரைக் கோடி டாலருக்குக் கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு கைமாறியது. பூர்வகுடிகளின் நிலமும் அதில் போனது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த நிலத்தில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற சண்டை 1850இல் ஒரு சமரசத்தில் வந்து நின்றது. கலிபோர்னியா அடிமையில்லா மாநிலமானது. அதற்கு விலையாக, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அடிமையில்லாத வட மாநிலங்களும் இனி அவர்களுக்குப் பாதுகாப்பில்லை.

தலைவர்கள் போட்ட அந்தக் கோட்டை அடிமைகள் வேறுவிதமாகப் படித்தார்கள். டெக்சாஸின் பருத்திக் காடுகளிலிருந்து தெற்கே ஓடி, ரியோ கிராண்டேயைக் கடந்தார்கள். அவர்களைத் திருப்பித் தரும்படி அமெரிக்கா கேட்டது, மெக்சிகோ உடன்படவில்லை. தன் மண்ணில் கால் வைக்கும் அடிமை அந்தக் கணமே விடுதலை பெறுவார் என்று தன் 1857 அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

ஆண்டைகள் தங்கள் நாட்டை விரிக்கப் பிடித்த ஆற்றை, அடிமைகள் அந்த நாட்டைவிட்டு வெளியேறும் வழியாக்கிக்கொண்டார்கள். வரைபடத்தில் ஒரு எல்லையைக் காணும்போது எந்த நாடு வென்றது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அதைக் கடந்து ஓட வேண்டியிருந்தவர் யார் என்றும் கேட்போம்.