செம்மண்ணில் கைவிடப்பட்ட பாடம்

செயற்றிட்டக் கற்றல் நமக்குப் புதியதன்று. 1918இல் அமெரிக்கரான கில்பாற்றிக் அதற்கு இலக்கணம் வகுத்தார். இலங்கையில் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. ஊர்த் தொழிலை மாணவர் நேரில் ஆராய்ந்து கற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். உரும்பிராய் போன்ற செம்மண் ஊரில் வாழையும் வெங்காயமும் கிணறுமே பாடநூல்களாகியிருக்கலாம்.

ஆனால், தரப்படுத்தலால் பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கிய காலம் அது. புள்ளிகளுக்காகப் போராடிய பெற்றோர் பலருக்கு, அப்பாடம் பிள்ளைகளைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பும் வழியாகத் தோன்றியது. 1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது.

இன்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. இரசாயன உரம் அதற்கொரு முக்கிய காரணம். விளைச்சல் குன்றாமல் உரத்தைக் குறைப்பது எப்படி? அன்று கைவிட்ட பாடத்தின் முதல் வினா இதுவாகவே இருந்திருக்கும்.