செவுள் காளான் குடும்பங்களின் வகைப்பாடு

குடையின் அடியில் புத்தகத் தாள்களைப் போல மெல்லிய செவுள்கள் அடுக்கியிருக்கும் காளான்கள் செவுள் காளான்கள் எனப்படும். மொட்டுக்காளான், சிப்பிக்காளான், புற்றுக்காளான் ஆகியவை நமக்குப் பழக்கமானவை. செவுள் இருந்தால் உறவு உண்டு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அது உருவாகிக் கலைந்த கதைதான் இவற்றின் வகைப்பாட்டு வரலாறு.

லின்னேயஸ் 1753இல் செவுள் காளான்கள் எல்லாவற்றையும் அகாரிகஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். 1790களில் பூஞ்சை ஆய்வாளர் பெர்சூன் அதிலிருந்து அமனிட்டா, ருசுலா, லாக்டேரியஸ், கோப்ரினஸ் முதலியவற்றைப் பிரித்தெடுத்தார். சுவீடனைச் சேர்ந்த எலியாஸ் ஃபிரீஸ் 1821இல் தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டபோதுதான் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது. வித்துத்தூளின் நிறத்தை வைத்துக் காளான்களை அவர் பிரித்தார்.

அவருடைய வழியை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தண்டை அறுத்துவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு டம்ளரால் மூட வேண்டும். மறுநாள் காலையில் செவுள்களின் வரிகள் ஆரக்கால்களாகத் தாளில் பதிந்திருக்கும். மொட்டுக்காளானின் இனத்தார் சாக்லேட் நிறத்தில் பதிவார்கள். புளூட்டியஸ் இளஞ்சிவப்பாகப் பதியும். அமனிட்டாவின் பதிவு வெள்ளை. அதைக் காணக் கறுப்புத் தாள் வேண்டும். நுண்ணோக்கியைப் பெரிதும் நாடாமலே ஃபிரீஸ் இவ்வளவு தூரம் வந்தார் என்பது இன்றும் வியப்பளிக்கிறது.

1837இல் லெவேய் வித்துகளைத் தாங்கும் பசிடியத்தை விளக்கினார். 1871இல் கும்மர், ஃபிரீஸின் உட்பிரிவுகள் பலவற்றைத் தனிப் பேரினங்களாக உயர்த்தினார். சிப்பிக்காளானின் புளூரோட்டஸ் அவற்றுள் ஒன்று. பிறகு பத்தூயார், ஃபயோ போன்றவர்கள் செவுளின் உள்திசுவை ஆராய்ந்தார்கள். ருசுலாவின் தண்டு நார்நாராகக் கிழியாமல் சாக்பீஸ் போல மளுக்கென்று ஒடிவதற்குக் காரணம், அதன் சதையில் இழைகளோடு திரண்டிருக்கும் உருண்டைச் செல்கள். இருபதாம் நூற்றாண்டில் ரோல்ஃப் சிங்கர் இவ்வறிவை எல்லாம் தொகுத்தார்; அவருடைய பெருநூலின் நான்காம் பதிப்பு 1986இல் வந்தது.

1990களில் டி.என்.ஏ. ஒப்பீடு வந்ததும் பழைய சுவர்கள் இடிந்தன. செவுள் பல வழிகளில் தனித்தனியாகத் தோன்றியிருப்பது தெரிந்தது. ருசுலாவும் லாக்டேரியஸும் வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. மரக்கட்டையில் முளைக்கும் லென்டினஸ் செவுள் கொண்டிருந்தும் துளைக்காளான்களின் உறவு. மாறாக, செவுளே இல்லாத பல பந்துக்காளான்கள் மொட்டுக்காளானின் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தன.

பெரிய அதிர்ச்சி கோப்ரினஸில்தான். முதிர்ந்ததும் செவுள்கள் மையாக உருகிச் சொட்டுவதால் இவை ஒரே பேரினம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் பேரினத்தின் மாதிரிச் சிற்றினமான கோப்ரினஸ் கோமேட்டஸ், மொட்டுக்காளானுக்கு நெருங்கிய உறவாக அமைந்தது. பெயர் அதனோடு போக, மற்றவற்றில் பெரும்பாலானவை 2001இல் கோப்ரினாப்சிஸ், கோப்ரினெல்லஸ், பாரசோலா என்று பிரிந்து வேறு குடும்பத்துக்குச் சென்றன.

நம் புற்றுக்காளானுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய டாம் பெட்ச் 1906இல் இலங்கைக் கரையான் புற்றுகளின் பூஞ்சைகளை விரிவாக எழுதினார். 1942இல் ரோஜர் ஹெய்ம் புற்றுக்காளான்களின் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். அவரைச் சிறப்பிக்கும் வகையில், தென்னிந்தியச் சிற்றினம் ஒன்றுக்குச் சென்னையைச் சேர்ந்த நடராஜன் 1979இல் ஹெய்மி என்று பெயர் சூட்டினார். மண்ணைத் துளைக்கும் கூரிய குடைமுனையும், புற்றுக்குள் இருக்கும் பூஞ்சைத் தோட்டம்வரை வேர்போல் இறங்கும் தண்டும் இப்பேரினத்தின் அடையாளம். மரபணு இதை லையோபில்லேசி குடும்பத்தில் வைக்கிறது.

வித்தின் நிறமும் உறவுக்கு முழுச் சான்றாக நிற்கவில்லை. பச்சை வித்துடைய குளோரோபில்லம் பேரினத்தில் 2002இல் வெள்ளை வித்துச் சிற்றினங்களும் சேர்ந்தன. ஆனாலும் வெப்ப நாட்டுப் புல்வெளிகளில் மழைக்குப்பின் முளைக்கும் நச்சுக்காளானான குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸை இனம்காண, தாளில் பதியும் அந்தப் பச்சைத் தூளைத்தான் இன்றும் பார்க்கிறார்கள்.