சமநீதி கண்ட கோலாப்பூர் மன்னர்

மன்னர்களின் பெருமையை அவர்கள் வென்ற போர்களைக் கொண்டு அளப்பது பழைய வழக்கம். போரே நடத்தாமல், ஓர் அரசாணையினால் வரலாற்றின் திசையை மாற்றியவர் ஒருவர் உண்டு. அவரே மராட்டிய மண்ணின் கோலாப்பூர் சமஸ்தானத்தை 1894 முதல் 1922 வரை ஆண்ட சாகு மகாராஜா.

1874 சூன் 26 அன்று காகல் என்னும் ஊரின் காட்கே குடும்பத்தில் பிறந்த அவருக்கு இட்ட பெயர் யஷ்வந்த்ராவ். கோலாப்பூர் அரசர் நான்காம் சிவாஜி, மனநலம் குன்றியவர் எனக் கூறப்பட்டு, ஆங்கிலேயரின் காவலில் அகமத்நகரில் 1883இல் இறந்தார். அடுத்த ஆண்டு அரசி ஆனந்திபாய் இச்சிறுவனைத் தத்தெடுத்தார். 1894இல், தம் இருபதாம் அகவை நிறைவதற்கு முன்பே, சாகு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அப்போது பொது நிருவாகத்தின் 71 பதவிகளில் 60 பிராமணரிடம் இருந்தன. மக்களில் மிகச் சிறுபான்மையினரான ஒரு வகுப்பினரே அரசின் எழுதுகோல் முழுவதையும் ஏந்தியிருந்தனர்.

அந்நிலையின் கூர்மையை மன்னரே தம் மீது உணர்ந்த நாள் ஒன்று வந்தது. 1899இல் பஞ்சகங்கை ஆற்றில் அவர் நீராடியபோது, புரோகிதர் வேத மந்திரங்களை ஓதாமல் புராண மந்திரங்களையே ஓதினார். காரணம் கேட்டபோது, மன்னரும் சூத்திரரே என்பது மறுமொழியாயிற்று. அரியணையில் அமர்ந்தவரையும் ஆற்றங்கரையில் சாதி கீழே நிறுத்தியது. தமக்குரிய மதிப்பைப் பெறப் பல்லாண்டுகள் போராடிய அவர், அத்துடன் நின்றிருந்தால் தன்மானம் மிக்க மன்னர் என்று மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார். தமக்கு நேர்ந்த அவமதிப்பின் வழியே, அதனை அன்றாடம் சுமப்போரின் வேதனையை அவர் கண்டார். அங்கேதான் அவருடைய பெருமை தொடங்குகிறது.

1902 சூலை 26 அன்று அவ்வாணை வெளிவந்தது. இனி ஏற்படும் காலியிடங்களில் 50 விழுக்காடு பின்தங்கிய வகுப்பாருக்கே என்றது அது. அலுவலகத் தலைவர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதித்தது. இக்கணக்கைச் சிறு செய்தி என எண்ணிவிடலாகாது. நல்லெண்ணம் நாவோடு நின்றுவிடுவதுண்டு. கணக்குக் கேட்கப்படும்போதுதான் அது நீதியாகிறது. 1912இல் 95 பதவிகளில் பிராமணர் வகித்தவை 35 மட்டுமே. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை பிறந்த 1921க்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னதாகவே இது நிகழ்ந்தது என்பதைத் தமிழர் நினைவிற் கொள்வது தகும்.

பதவிக்குக் கல்வி வேண்டும். கல்விக்குத் தங்க இடம் வேண்டும். எனவே 1901இல் மராட்டிய மாணவருக்கும் சமணருக்கும், 1906இல் முஸ்லிம்களுக்கும், 1908இல் தீண்டப்படாதோர் எனப்பட்டோருக்கும் விடுதிகள் எழுந்தன. 1917இல் தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. கைம்பெண் மறுமணத்திற்கும் அவ்வாண்டிலேயே சட்டம் வந்தது. 1919இல், தீண்டாமையின் பெயரால் இயங்கிய தனிப்பள்ளிகளை மூடி, அனைவரும் ஒரே பள்ளியில் பயில ஆணையிட்டார்.

சட்டத்தைவிட ஆழமாகப் பாய்ந்தது ஒரு குவளைத் தேநீர். அரண்மனை ஊழியரான கங்காராம் காம்பிளே, மேல்சாதியாரின் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடித்து நொறுக்கப்பட்டார். மன்னர் அவருக்குத் தேநீர்க் கடை ஒன்று வைக்க உதவினார். தாழ்த்தப்பட்டவரின் கடையில் எவர் தேநீர் அருந்துவார்? மன்னரே வண்டியை நிறுத்தி அருந்தினார். உடன் வந்த உயர்சாதிப் பெருமக்களையும் அருந்தச் செய்தார். ஆணை கையை அசைக்கும். மனத்தை அசைக்க அரசரும் தெருவுக்கு இறங்க வேண்டியிருந்தது.

1920 மார்ச்சில் மாண்காவ் மாநாட்டில், இளைஞர் அம்பேத்கரைத் தாழ்த்தப்பட்டோரின் தலைவர் என அவர் அடையாளம் காட்டினார். அம்பேத்கரின் 'மூக்நாயக்' இதழுக்குப் பொருளுதவியும் செய்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். ஆங்கிலேயரின் மேலாண்மையை ஏற்றே ஆண்டார். தேசிய இயக்கத்தார் பலர் அதனைக் கடிந்தனர். சத்திரியர் என்னும் தகுதிக்காக அவர் வாதாடியதில், தாம் எதிர்த்த ஏணியிலேயே ஒரு படியைக் கேட்ட முரண்பாடும் உண்டு. ஆயினும் அந்தப் படியோடு அவர் நிற்கவில்லை. ஏணியின் அடியில் கிடந்தோரை நோக்கித் திரும்பினார்.

1922 மே 6 அன்று பம்பாயில் அவர் காலமானபோது அகவை 47. அவர் பிறந்த நாளை மகாராட்டிர அரசு சமூக நீதி நாளாகக் கொண்டாடுகிறது. விழா எடுப்பது எளிது. நம் ஊரில், நம் தெருவில் எந்தத் தண்ணீர்த் தொட்டியைத் தொட இன்றும் எவர் தயங்கி நிற்கிறார் என்று கணக்கெடுப்பதே அரிது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்குக் கேட்ட அம்மன்னர், நம்மிடம் கேட்பதும் அதனைத்தான்.