கறுப்பினத் தலைவர்களின் தகுதி மறுப்பு (அமெரிக்க அரசியல்)

அமெரிக்காவில் தலைவர்களைத் திட்டுவதும் கேலி செய்வதும் அந்தக் குடியரசின் வயதையே உடைய பழக்கம். கறுப்பினத் தலைவர்களுக்கு நேர்ந்த அவமதிப்புக்கு மட்டும் ஒரு தனிப்போக்கு உண்டு. மற்றவர்களிடம் ‘நீ செய்தது தவறு’ என்று மல்லுக்கு நின்றவர்கள், இவர்களிடம் ‘இங்கே உட்கார நீ யார்’ என்று கேட்டார்கள். 1868 செப்டம்பரில் ஜார்ஜியா சட்டமன்றம் தன் கறுப்பின உறுப்பினர்களை வாக்கெடுப்பு நடத்தியே வெளியேற்றியது. வாக்களிக்கும் உரிமை கிடைத்திருக்கலாம், பதவி வகிக்கும் உரிமை எங்கும் எழுதப்படவில்லை என்பது அதற்குச் சொன்ன நியாயம். கலப்பு வம்சத்தில் பிறந்து, பார்வைக்கு வெள்ளையரைப் போல இருந்த சிலர் மட்டும் தப்பினார்கள். சட்ட வாதத்தின் யோக்கியதைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1870 பிப்ரவரியில் மிசிசிப்பியின் ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டராக வந்தபோது வாதம் இன்னும் நுட்பமானது. செனட்டர் ஒன்பது ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். கறுப்பினத்தவர் குடிமக்கள் அல்லர் என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1866இல்தான் சட்டம் மாறியது. ஆகவே இவருக்கு நான்கு ஆண்டுகூட நிறையவில்லை என்று கணக்குப் போட்டார்கள். ரெவல்ஸோ வட கரோலினாவில் பிறந்தவர், ஒருநாளும் அடிமையாக இருந்ததில்லை. 48க்கு 8 என்ற வாக்கில் செனட் அவரை ஏற்றது.

1901க்குப் பின் 28 ஆண்டுகள் காங்கிரஸில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. 1929இல் சிகாகோவின் ஆஸ்கர் டி பிரீஸ்ட் அந்த வெறுமையை உடைத்தார். காங்கிரஸ் உறுப்பினர்களின் மனைவியருக்கு வெள்ளை மாளிகையில் தேநீர் விருந்து அளிப்பது வழக்கம். அவர் மனைவியையும் அதிபரின் மனைவி லூ ஹூவர் அழைத்தார். முரண்டு பிடிக்காத பெண்களாகப் பார்த்துப் பொறுக்கித் தனி விருந்தாக அதை நடத்தியும், தென்மாநிலச் சட்டமன்றங்கள் சில கண்டனத் தீர்மானம் போட்டன. 1966இல் கறுப்பின உறுப்பினர் ஜூலியன் பாண்டுக்கு இருக்கை தர ஜார்ஜியா சட்டமன்றம் மறுத்தபோது, வியட்நாம் போரை எதிர்த்த அறிக்கையை அவர் ஆதரித்ததைக் காரணம் காட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது.

லிங்கனைப் பத்திரிகைகள் குரங்கு என்றன, 1856இல் செனட்டர் சம்னரை அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார்கள், வெள்ளையர் மட்டும் தப்பினார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சம்னர் அடிபட்டது அடிமைமுறைக்கு எதிராகப் பேசியதற்கு. செனட்டில் அவருக்கு இடமுண்டா என்பது சர்ச்சையே அல்ல. அதிபர் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதால் எழும் பிறப்பு பற்றிய சந்தேகமும் வெள்ளையரைத் தொட்டதுண்டு. அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்ன் பனாமா கால்வாய்ப் பகுதியிலும், டெட் குரூஸ் கனடாவிலும் பிறந்தவர்கள். மறுக்கப்படாத ஓர் உண்மைக்குச் சட்டம் என்ன பொருள் தருகிறது என்பதே அங்கே வழக்கு. மெக்கெய்னுக்காக 2008இல் செனட் தீர்மானமே நிறைவேற்றிக் கொடுத்தது. ஹொனலூலுவில் பிறந்த பராக் ஒபாமா விஷயத்தில் உண்மையே மறுக்கப்பட்டது. 2008இல் சான்று வெளியிட்டார், 2011 ஏப்ரலில் முழுப் பிறப்புப் பதிவையும் வெளியிட்டார். அதற்குப் பின்னும் சந்தேகம் கிளப்பிய டொனால்ட் டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர் என்று வாய்திறந்து ஒப்புக்கொண்டது 2016 செப்டம்பரில்.

எதிர்ப்பையெல்லாம் இனவெறி என்று எழுதிவிடவும் முடியாது. 2009இல் ஒபாமா காங்கிரஸில் பேசும்போது ஜோ வில்சன் என்ற உறுப்பினர் ‘பொய் சொல்கிறாய்’ என்று கத்தினார். அது நிறத்தைக் கண்டு வந்த கோபம் என்றார் முன்னாள் அதிபர் கார்ட்டர். ஒபாமா தரப்பு அதை ஏற்கவில்லை. தகராறு மருத்துவக் காப்பீட்டு மசோதாவைப் பற்றியது என்பதால் இங்கே ஒபாமா தரப்பே சரி என்று தோன்றுகிறது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸின் கதை வேறு. அவர் தந்தை ஜமைக்காக்காரர். 2024 ஜூலையில் கறுப்பினப் பத்திரிகையாளர் மாநாட்டிலேயே, இந்தியராக இருந்தவர் திடீரென்று கறுப்பினத்தவர் ஆகிவிட்டார் என்றார் டிரம்ப். அதில் கொள்கை எதுவும் இல்லை.

மிகக் கடினமான வழக்கு டென்னசி சட்டமன்றத்துடையது. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு அவைக்குள் முழக்கமிட்ட உறுப்பினர்கள் மூவரை வெளியேற்ற 2023 ஏப்ரல் 6 அன்று வாக்கெடுப்பு நடந்தது. கறுப்பினத்தவரான ஜஸ்டின் ஜோன்ஸும் ஜஸ்டின் பியர்சனும் வெளியேற்றப்பட்டார்கள்; வெள்ளையரான குளோரியா ஜான்சன் ஒரு வாக்கில் தப்பினார். மற்ற இருவர் முழங்கிய மெகாஃபோனை ஜான்சன் தொடவில்லை என்ற விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் மெகாஃபோனுக்குக் கண்டனம் போதும். தொகுதி மக்களின் பிரதிநிதியையே பறிக்கும் தண்டனையை அந்த விளக்கம் தாங்காது. ஒரு வாரத்துக்குள் உள்ளூர் மன்றங்கள் இருவரையும் திருப்பி அனுப்பின. ஆகஸ்டில் நடந்த சிறப்புத் தேர்தலில் இருவரும் வென்றார்கள்.