தோட்டத் துண்டாடலும் கூட்டுறவும்

மலாயாத் தமிழர் வரலாற்றில் 1950ஆம் ஆண்டுகளைக் குறித்துப் பேசுகையில், நாட்டின் விடுதலையே நம் நினைவில் முன்நிற்கிறது. அதே காலத்தில் நம் தோட்டப்புறங்களை உலுக்கிய மற்றொரு நிகழ்வு உண்டு. அதுவே தோட்டத் துண்டாடல்.

பிரிட்டிஷ் நிறுவனங்கள் பல, தம் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்து பொருள் ஈட்டினர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதனால் விளைந்த இழப்பை ஊதியத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தோட்டம் என்பது பணியிடம் மட்டுமன்று. லயத்து வீடும், மருந்தகமும், கோயிலும் அங்கேயே இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆதலால் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்தோடு பிணைந்தே வளர்ந்தது. சிறு துண்டு நிலத்தை வாங்கியவருக்கு வேலையாள் பலர் வேண்டியதில்லை. பள்ளியைப் பேணும் வசதியும் இல்லை. தோட்டம் சிதறியபோது வேலை, வீடு, கல்வி ஆகிய மூன்றும் ஒருங்கே ஆட்டங்கண்டன.

இந்நெருக்கடிக்கு விடையாகவே 1960ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவர் துன் வீ. தி. சம்பந்தன். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குத்தொகை செலுத்தித் தோட்டங்களைத் தாமே வாங்க வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். அவரும் துணைவியார் உமா அவர்களும் தோட்டந்தோறும் சென்று இதனை எடுத்துரைத்தனர். நாட்கூலியில் வாழ்ந்தோர்க்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. எனினும் அவர்கள் நம்பிக் கொடுத்தனர். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. வேறு பல தோட்டங்கள் பின்தொடர்ந்தன. விற்பனைக்கு வந்த நிலத்தில் உழைத்தவரே அதன் பங்குதாரராயினர்.

இம்முயற்சியின் எல்லையையும் நாம் மறைத்தல் ஆகாது. சங்கம் நிலத்தைக் காத்தது. ஆயின் துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் வாங்கும் வலிமை அதற்கு இல்லை. 1969ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வேலை அனுமதிச் சீட்டு முறை, குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளரை வேறொரு வகையில் தாக்கியது. ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்தபின் வேலையாள் தேவையும் குறைந்தது. நிலம் எஞ்சிய இடத்திலும் இளையோர்க்குரிய புதிய தொழில்கள் அங்கு மிகுதியாக உருவாகவில்லை; அவர்கள் நகரை நாடினர். பெற்றோரின் வேலையைக் காத்தல் வேறு; பிள்ளைகளுக்கு வேலையை உருவாக்குதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்வதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் எனக் கருதுகிறோம். இன்று கிராமப்புறங்களில் சிறுதொழிலையும் இளைஞர் பயிற்சியையும் வளர்க்க முனையும் அமைப்புகள் இரண்டாம் பணியையே முதன்மையாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்று வேண்டுகிறோம். தத்தம் பாட்டனார், பாட்டியார் அக்காலத்தில் பங்கு வாங்கினரா, எவ்வாறு அத்தொகையைச் சேர்த்தனர் என்பதை மாணவர் கேட்டெழுதி வரச் செய்யுங்கள். வாழ்ந்தோர் நினைவு மறையுமுன் அதனை ஏட்டில் பதிவது நம் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.