மாற்று முழங்காலும் மிதமான பயிற்சியும்

1890-இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் சிதைந்த முழங்காலுக்குள் யானைத் தந்தத்தில் செய்த கீல் ஒன்றைப் பொருத்தினார். கிருமித்தொற்று அந்த முயற்சியைத் தோற்கடித்தது. புது மூட்டை எப்படிப் பழக்குவது என்ற கேள்வி அன்று எழவே வழியில்லை. மூட்டில் நோய் என்றால் அசைக்காமல் கிடத்துவதுதான் அக்கால வைத்தியம். லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் நீண்ட, இடைவிடாத ஓய்வைத் தவிர வேறெதையும் நம்பவில்லை. காலை நீட்டி நிறுத்தி வைக்க அவர் வடிவமைத்த இரும்புச் சட்டம் அவர் பெயரிலேயே எலும்பு முறிவு வார்டுகளில் புழங்கி வந்தது.

அசைவின் பக்கம் நின்றவர்களும் அதே நூற்றாண்டில் இருந்தார்கள். ஸ்டாக்ஹோமில் 1813-இல் பேர் ஹென்ரிக் லிங் நிறுவிய உடற்பயிற்சி நிலையம் பயிற்சியை மருந்தாகவே கற்பித்தது. பாரிஸில் லூக்கா-ஷாம்பியோனியேர், முறிந்த எலும்பைக்கூட நீவி, மெல்ல அசைத்துக் குணமாக்கலாம் என்று 1895-இல் ஒரு நூலே எழுதினார். லண்டனில் 1894-இல் நான்கு செவிலியர்கள், நீவுதலில் பயிற்சி பெற்ற பெண்களுக்காகச் சங்கம் தொடங்கினார்கள். நீவுதல் என்ற போர்வையில் வேறு தொழில் நடப்பதாகப் பத்திரிகைகளில் பேச்சு அடிபட்ட காலம் அது. தொழிலின் மானத்தைக் காப்பதே முதல் கவலை. அந்தச் சங்கம்தான் பின்னர் பிரிட்டனின் பிசியோதெரபிச் சங்கமாக வளர்ந்தது.

தொடைத் தசையை முறையாக வலுப்படுத்தும் வழி இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. சிகாகோவில் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம், கால் அடிபட்ட வீரர்களின் பாதத்தில் இரும்புக் காலணியை மாட்டி, எடையைப் படிப்படியாகக் கூட்டி முழங்காலை நீட்டச் செய்தார். 1945-இல் அம்முறையை வெளியிட்டபோது, பத்து முறை தூக்குவதை ஒரு சுற்றாகக் கொண்டு ஏழு முதல் பத்துச் சுற்று செய்யச் சொன்னார். 1948-இல் அதை மூன்று சுற்றாகக் குறைத்துக்கொண்டார். அளவாகச் செய்தாலே போதும் என்பதைச் சுமை தூக்க வைத்தவரே ஒப்புக்கொண்டது கவனிக்கத்தக்கது.

மூட்டு மாற்று அறுவை அதற்குப் பிறகுதான் உருப்படியானது. 1950-களின் உலோகக் கீல்கள், 1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் கனடாக்காரரான ஃபிராங்க் கன்ஸ்டன் செய்த மூட்டு ஆகியவற்றைக் கடந்து, 1970-களின் முற்பகுதியில் நியூயார்க்கில் இன்சால், இந்தியாவில் பிறந்த ரணாவத், வாக்கர் ஆகியோர் உருவாக்கிய மூட்டு இன்றைய வடிவங்களுக்கு முன்மாதிரியாயிற்று. ஆனால் மூட்டு புதிதானாலும் பராமரிப்பு பழையதாகவே இருந்தது. தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் காலைத் தடித்த கட்டுக்குள் பல நாள் அசையாமல் வைத்தார்கள். உள்ளே திசுக்கள் ஒட்டி இறுகிய முழங்காலை, நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி மருத்துவரே மடக்கிவிட வேண்டிய நிலையும் வந்தது.

இதற்கு விடையாக ஓர் இயந்திரம் வந்தது. டொரன்டோவின் ராபர்ட் சால்டர், அசையாமல் கட்டிய மூட்டில் குருத்தெலும்பு கெடுவதையும், இடைவிடாமல் அசையும் மூட்டில் அது தேறுவதையும் முயல்களில் கண்டார். அதிலிருந்து பிறந்த கருவியில் காலைக் கிடத்தினால், நோயாளி எதுவும் செய்யாமலே மோட்டார் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டும். 1980-களில் மூட்டு மாற்று வார்டுகளில் அது பரவியது. பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதனால் கூடுதலாகக் கிடைத்த மடக்கம் ஏறக்குறைய இரண்டு பாகைதான் என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு அது அற்பப் பலன்.

காரணம் தசையில் இருக்கிறது. அறுவைக்குப் பின் மூட்டில் வீக்கமும் வலியும் இருக்கும்வரை, தொடையின் முன்தசையை நரம்பு மண்டலமே முழுதாக இயங்க விடாது. முதல் மாதத்தில் அதன் வலு பாதிக்கும் மேல் குறைந்துவிடக்கூடும். மோட்டார் காலை அசைக்கும்போது இந்தத் தசைக்கு வேலையே இல்லை. மறுபுறம், முரட்டுத்தனமாக மடக்கினால் வீக்கம் ஏறி, தசை மேலும் முடங்கும். மிதம் என்பதன் அவசியம் இதுதான்.

அதனால் இன்றைய பயிற்சிகள் பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது ரத்த ஓட்டத்துக்கு. முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து விநாடி பிடிப்பது தொடைத் தசைக்கு. குதிகாலைப் படுக்கையில் உரசியபடி இடுப்பை நோக்கி இழுப்பது மடக்கத்துக்கு. பிறகு நீட்டிய காலைத் தூக்குவது, வாக்கரைப் பிடித்து நடப்பது. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990-களில் முன்வைத்த விரைவு மீட்பு முறை பரவியபின், அறுவை நடந்த அன்றே பலரை எழுப்பி நிற்க வைக்கிறார்கள்.

எவ்வளவு மடங்கினால் போதும் என்பது வாழும் முறையைப் பொறுத்தது. சமதரையில் நடக்க எழுபது பாகைக்கு உட்பட்ட மடக்கமே போதும். நாற்காலியிலிருந்து எழத் தொண்ணூறுக்குச் சற்று மேல் வேண்டும். மேலைநாட்டு இலக்குகள் இவற்றை ஒட்டியே அமைந்தன. தரையில் சப்பணமிட்டு உட்காரவும் குந்தவும் இன்னும் வெகுதூரம் மடங்க வேண்டும். ஆகவே இந்தியக் குடும்பங்களில் கழிப்பறை மேற்கத்திய பாணிக்கு மாறுவதும் மீட்பில் ஒரு பகுதியாகிவிடுகிறது.

பயிற்சியை எங்கே செய்வது என்பது கடைசியாக எழுந்த கேள்வி. 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மறுவாழ்வு மருத்துவமனையில் தங்கியவர்களுக்கும், கண்காணிப்போடு வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களுக்கும் இடையே, 26 வாரத்துக்குப் பின் ஆறு நிமிடத்தில் நடந்த தூரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.