நீர் இறங்கும் மலை – 11: ஊர்வகைக் கரண்ட்

சென்ற வாரம் பேச்சிப்பாறையில், மூக்கன் துரையின் கல்லறையருகே நின்றிருந்தோம். மிஞ்சின் என்ற பொறியாளரை மலையடிவார மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் தொடங்கிய அணை 1906-ல் முடிந்தது. கோதையாற்று நீர் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களைத் தேடிப் புறப்பட்டது.

அணைக்குக் கல் சுமக்கத் தொடங்கிய அதே 1897-ஆம் வருஷம், நவம்பர் மாதம், இமயமலைச் சரிவில் டார்ஜிலிங் ஊரின் தெருவிளக்குகள் எரிந்தன. சித்ராபோங் என்ற இடத்தில் மலையோடைகளைத் தடுத்து, குழாயில் இறக்கி, 130 கிலோவாட் எடுத்திருந்தார்கள். இந்திய நாட்டின் முதல் நீர்மின் நிலையம் அதுதான். அதைக் கட்டியவர்கள் பெரிய அரசும் அல்ல, கம்பெனியும் அல்ல. அந்த ஊரின் நகரசபை! ஊர் தன் ஓடையில் தன் விளக்கை ஏற்றிக்கொண்டது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சொல் போதும்: ஊர்வகை. கோயில், குளம், மடம், தோப்பு என்று ஊர்வகைச் சொத்துகளைக் கணக்கெழுதிக் காத்துவந்த நாடு இது. பாண்டியன் அணையிலிருந்து வரும் தண்ணீரை மடை மடையாக, முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்ட ஊர்கள் இவை. தண்ணீரைப் பங்கிடத் தெரிந்தவர்களுக்குக் கரண்டைப் பங்கிடத் தெரியாதா? அந்தக் கேள்வி என்னை இந்த வாரம் கடல் தாண்டிக் கூட்டிப்போகிறது.

அதற்குமுன் ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஓடையில் விநாடிக்கு 20 லிட்டர் தண்ணீர் வருகிறது. ஒரு குடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதைக் குழாயில் 50 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் ஏறத்தாழ 10 கிலோவாட் சக்தி. குழாயின் உராய்விலும் சக்கரத்திலும் கம்பியிலும் பாதி போனாலும் 5 கிலோவாட் கையில் நிற்கும். வீட்டுக்கு 100 வாட் வீதம் ஐம்பது வீட்டுக்கு விளக்கு. பெரிய அணை வேண்டாம், காட்டை மூழ்கடிக்க வேண்டாம். ஒரு தடுப்பு, ஒரு வாய்க்கால், மணலைத் தங்கவிட ஒரு தொட்டி, குழாய், சக்கரம். பயன்பட்ட தண்ணீர் ஒரு துளி குறையாமல் ஓடைக்கே திரும்பிவிடும், கீழ்வயல்காரன் சண்டைக்கு வர வேண்டியதில்லை.

இனி இலங்கை மலையகம்.

தேயிலைத் தோட்டங்களில் அருவிக்குப் பஞ்சமில்லை. தோட்டத் துரைமார்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே சிறு விசைச்சக்கரங்களை நிறுவி, கொழுந்து உலர்த்தும், அரைக்கும் இயந்திரங்களை அவற்றால் ஓட்டினார்கள். தீவு முழுவதற்குமான மின்கம்பி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த மலைகளில் நீரால் சக்கரம் சுழன்றது. லக்சபானா நீர்மின் திட்டத்தின் முதல் கட்டம் 1950-ல்தான் வந்தது. அதற்காக 1918-லேயே கணக்குப் போட்டுக் காட்டிய பொறியாளர் விமலசுரேந்திராவின் கதை தனியே சொல்ல வேண்டிய ஒன்று.

தொழிற்சாலையில் வெளிச்சம். துரை பங்களாவில் வெளிச்சம். அந்தக் கொழுந்தைப் பறித்த, தமிழ்நாட்டிலிருந்து போன நம் சனங்களின் லயத்தில், அந்த வரிசை வீடுகளில்? மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குதான். சக்கரத்தின் ஓசை லயத்து வாசல்வரை வந்தது, வெளிச்சம் வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த மலையகத் தமிழர்களை யார் ஏற்பது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மனிதர்களை நெல் அளப்பதுபோல் அளந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். அதில் ஒரு கூட்டம் நம் மலையடிவாரத்துக்கு வந்தது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று அரசு ரப்பர் தோட்டங்களில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். பிற்பாடு, 1984-ல், இந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகமாயின. கொழுந்து பறித்த கைகள் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தன.

அவர்கள் வந்திறங்கிய காலத்தில் அந்த மலையின் மேலே என்ன நடந்தது தெரியுமா? மேல் கோதையாற்றில் அணை. அங்கிருந்து செங்குத்தாகக் கீழிறங்கும் குழாய். 1970-71 வாக்கில் இரண்டு மின்நிலையங்கள், ஒன்று 60 மெகாவாட், மற்றது 40. சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீர் மூக்கன் துரையின் அணைக்கே வந்து சேர்ந்தது. கரண்டு மட்டும் பெருங்கம்பியேறி மாநிலத்தின் பொதுக் கணக்கில் கலந்தது.

ஒரு மலையில் சக்கர ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் இன்னொரு மலையில், இன்னொரு சக்கரத்தின் அடியில் வந்து குடியேறினார்கள். இரண்டும் அவர்களுடையவை அல்ல.

ஆனால் அவர்கள் விட்டுவந்த மலையில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1980-களில், துருவேறிக் கிடந்த பழைய தோட்டச் சக்கரங்களுக்கு உயிர்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்தார்கள். வேலை பழகியதும் 1990-களில் அவர்களுக்கு ஒரு யோசனை: தோட்டத்துக்கு ஓடும் சக்கரம் கிராமத்துக்கு ஓடாதா? கேகாலை, இரத்தினபுரி மலைக்கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கங்கள் பிறந்தன. ஓடையைச் சங்கத்தார் தாங்களே மறித்தார்கள். சிரமதானமாக வாய்க்கால் வெட்டினார்கள், குழாயைத் தோளில் சுமந்தார்கள், பங்குப்பணம் போட்டு, கடன் வாங்கிச் சக்கரம் வாங்கினார்கள். பிறகு உலக வங்கிக் கடனுதவியும் சேர்ந்துகொள்ள, இப்படி ஒளிபெற்ற ஊர்கள் பெருகின.

சங்கத்தின் சட்டம் கடுமையானது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் இஸ்திரிப்பெட்டி கூடாது. ஒரு வீடு அளவு மீறினால் ஊர் முழுக்க விளக்கு மங்கும். யார் மீறியது என்று தேட மின்வாரிய ஆள் வர வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும்! யாரும் பயன்படுத்தாத மின்சாரத்தை ஒரு மின்னணுக் கருவி வெந்நீர்க் கம்பிக்குத் திருப்பிவிட்டுச் சக்கரத்தின் வேகத்தைக் காத்தது. கோடையில் ஓடை மெலிந்தால் சங்கம் கூடும், விளக்கு நேரத்தைக் குறைக்கும். நம் ஊரில் மாசி, பங்குனியில் மடைக்கு முறை வைத்த அதே நியாயம்தான்.

மாதச் சந்தா ஒழுங்காக வந்தது. கடன் குறைந்தது. பிள்ளைகள் இரவில் படித்தார்கள்.

அப்போதுதான், மலைப்பாதையில் லாரிகள் ஒவ்வோர் ஊராக ஏறிவரத் தொடங்கின. மேலே இலங்கை மின்சார சபையின் புதுக் கம்பங்கள். சங்கத்து விளக்கு 100 வாட்டில் நிற்கும். இந்தக் கம்பி கொண்டுவந்த கரண்டில் இஸ்திரிப்பெட்டி ஓடும், குளிர்பெட்டியும் ஓடும். முதலில் வசதியுள்ள ஒரு வீடு சங்கத்தை விட்டது. பிறகு அடுத்த வீடு.

கடன் இன்னும் பாக்கி இருந்தது. ஓடையருகே சக்கரம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சங்கத்துக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் பேச மிச்சம்: சக்கரத்தை நிறுத்துவதா, அல்லது அது எடுக்கும் கரண்டை அந்தப் பெரிய கம்பிக்கே விற்பதா?

(அடுத்த வாரம்: கம்பியோடு பேரம்)